ஒரு ஸ்பிரிங் விஷயமாகத் தொண்டூருக்கு

செஞ்சி,
ஐப்பசி, மழை விட்ட ஒரு முற்பகல்.

அன்பும் பொறுமையும் உள்ள மச்சான் பொன்னுசாமிக்கு, உன் அக்கா வீட்டுக்காரனும் டெலிபோன் ஆபீசில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவனுமாகிய வீரமணி எழுதிக்கொள்வது. உன் வீட்டில் எல்லோரும், ஆடு மாடு உட்பட, சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. முறையை விடக் கூடாது என்பதற்காக எழுதிவிட்டேன், அதை அப்படியே நம்ப வேண்டாம். கம்பத்தில் ஏறி ஊருக்கெல்லாம் போன் இழுத்துக் கொடுத்தவன் பேனாவைத் தேடிப் பிடித்துக் கடுதாசி எழுதும் நிலைமைக்கு வந்ததற்குக் காரணம் உனக்கே தெரியும். உன் அக்கா மீனம்பாள் என் போனை எடுப்பதில்லை. உனக்குப் போட்டால் நீ எடுத்து, "மாமா, இங்க டவர் இல்ல மாமா" என்று, டவர் நன்றாக இருக்கிற குரலில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய்.

முதலில் ஒரு ஏற்பாடு. இந்தக் கடிதத்தை நீ கூடத்தில் உட்கார்ந்து படிப்பாய், உன் அக்கா அடுப்படியில் நின்றுகொண்டு, கேட்காத மாதிரி கேட்பாள். ஆகவே எந்தப் பகுதியைச் சத்தமாகப் படிக்க வேண்டும், எதை மனசுக்குள் படிக்க வேண்டும் என்று அங்கங்கே குறித்திருக்கிறேன். மாற்றிப் படித்துவிடாதே. இதுவரைக்கும் எப்படிப் படித்திருந்தாலும் பரவாயில்லை.

சத்தமாகப் படிக்கவும். இந்தக் கடிதத்தின் நோக்கம் ஒரு ஸ்பிரிங். மரம் அறுக்கிற என் சிவப்பு மெஷினின் கார்புரேட்டருக்குள் இருக்க வேண்டிய சின்ன ஸ்பிரிங், சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். உன் அக்கா எடுத்துக்கொண்டு போன பித்தளைத் தாம்பாளங்களில் ஏதோ ஒன்றின் விளிம்பு மடிப்பில் சிக்கிக்கொண்டு அது தொண்டூருக்கு வந்துவிட்டது என்பது என் கணிப்பு. தட்டுகளைக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்கவும். கிடைத்தால் யாரிடமாவது கொடுத்தனுப்பவும். உன் அக்காவிடமே கொடுத்தனுப்பினாலும் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை.

இதையும் சத்தமாகவே படி. நடந்ததை அவள் அவள் பக்கமாகச் சொல்லியிருப்பாள், என் பக்கத்தையும் ஒருத்தர் கேட்க வேண்டும் அல்லவா. மரம் அறுக்கிற மெஷின் மேல் எனக்கு இருக்கும் பித்து உனக்குத் தெரியும், ஆனால் அது எங்கே ஆரம்பித்தது என்று நீ கேட்டதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு புயல் அடித்தது. ரோட்டோரப் புளியமரமெல்லாம் லைன் மேல் படுத்துக்கொண்டன. நாங்கள் கோடாரியோடு நின்றபோது, எங்கிருந்தோ சிவப்புக் கலரில் ஒரு வெளிநாட்டு மெஷினைக் கொண்டுவந்து ஒருத்தர் கயிற்றைச் சுண்டி இழுத்தார். அந்தச் சத்தம் போய் நம் செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலையில் மோதி, அங்கே கொஞ்ச நேரம் தங்கி, வேறு ஒரு குரலில் திரும்பி வந்தது. மரம் விழுந்ததை நான் பார்க்கவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓய்வு பெற்ற மறு மாதம் அனந்தபுரத்துக் காயலாங்கடையில் அதே மாதிரி ஒரு மெஷின் துருப்பிடித்துக் கிடந்ததைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன் அக்கா கூடத்தான் இருந்தாள், தூசி விழுந்துவிட்டது என்று நினைத்து ஊதிவிட்டாள்.

அப்புறம் ஒன்று ஐந்தானது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, பிறகு பெயிண்டே இல்லாத ஒன்று. பழைய மெஷின் வேலையில் கஷ்டமே இதுதான் மச்சான்: பாடி ஒரு ஊரில் கிடைக்கும், எஞ்சின் இன்னொரு ஊரில் மருந்தடிக்கிற பம்பில் மாட்டியிருக்கும், பிஸ்டன் மூன்றாவது ஊரில் யாரோ பேப்பர் பறக்காமல் இருக்க மேஜை மேல் வைத்திருப்பார்கள். எது எதோடு பிறந்தது என்று நம்பரைப் பார்த்து, மரையைப் பார்த்து, வார்ப்பின் நிறத்தைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்ந்தால்தான் அது ஒரிஜினல். சேராவிட்டால் வெறும் இரும்பு. நான் இந்த மெஷின்களை வைத்து ஒரு மரத்தையும் அறுத்ததில்லை, செயினையே மாட்டுவதில்லை. வீட்டு முருங்கையில் கிளை ஒடிக்க வேண்டுமென்றால் உன் அக்காதான் கொக்கியோடு போவாள், நான் உள்ளே போய்விடுவேன். எனக்கு அதுகள் ஓடினால் போதும், சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன்.

சுத்தம் பண்ண ஐந்தையும் கழற்றியிருந்தேன், ஒரு மெஷின் சாமான் இன்னொன்றோடு கலந்துவிடாமல் இருக்கத்தான் ஐந்து தாம்பாளம். கல்யாணத்தில் உங்க நைனா பஸ் கூரைமேல் ஏற்றிக்கொண்டு வந்தாரே, அந்தச் சீர்வரிசைத் தட்டுகள். அவற்றில் எஞ்சின் சாமான் வைத்தேன் என்பது இப்போது பெரிய குற்றமாகப் பேசப்படுகிறது என்று என் மகள் வெண்மதி சென்னையிலிருந்து போனில் சொன்னாள். பரணில் சும்மா கிடந்ததற்கு ஒரு மரியாதை செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை அன்றைக்கு நான் சீயமங்கலம் போயிருந்தேன், பச்சை மெஷினுக்கு ஒரு கிளட்ச் பார்க்க. எனக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது என்பது உனக்குத் தெரியும், பொரிகடலையில் உண்டு. மத்தியானம் வீடு வந்து மாடி ஏறிப் பார்க்கிறேன், ஒரு பழைய புடவையை விரித்து அதன் மேல் ஐந்து மெஷினின் சாமான்களும் ஒரே குவியலாக வெயிலில் காய்ந்துகொண்டிருக்கின்றன. பூஜைக்குத் தட்டு வேண்டும் என்று எல்லாவற்றையும் அண்டாவில் கொட்டி, புளி போட்டுத் தேய்த்து, சோப்புத் தூளில் அலசி, துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைத்திருந்தாள். நட்டுக்குக்கூட. ஒரு வாஷர் விடவில்லை. தாம்பாளங்களில் பொரி, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. குவியலுக்குப் பக்கத்தில் மீனம்பாள் நின்று என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. அன்றைக்கு நான் பிஸ்டனைத்தான் பார்த்தேன்.

நான் சொன்னது ஒரே வார்த்தை. "கேக்காம கைய வைக்கறதுக்கு இது இன்னா உங்க வீட்டுச் சாமானா?" என்றேன். அவள் பூஜையை முடித்தாள், எனக்குச் சாப்பாடு போட்டாள், பாத்திரம் கழுவினாள். அப்புறம் தாம்பாளங்களைத் துடைத்து ஒரு பையில் அடுக்கினாள். எங்கே என்று கேட்டேன். "எங்க வீட்டுச் சாமான் எதுவோ, அத மட்டும் எடுத்துக்கினு போறேன்" என்றாள். தட்டுகளைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவளும் சேர்ந்து தொண்டூர் பஸ்ஸில் ஏறினபிறகுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது.

இனி மனசுக்குள் படி, உதடு அசையக் கூடாது. அவள் போனபிறகு முதல் இரண்டு வேளை பொரியிலேயே ஓடியது. அப்புறம் சோறு பொங்கினேன், அதைச் சோறு என்று சொன்னால் நீ விவசாயி, உனக்குக் கோபம் வரும். கட்டிலில் படுக்கப் பிடிக்காமல் மாடி அறையில் சாமான் குவியலுக்குப் பக்கத்திலேயே வெறும் தரையில் படுக்கிறேன். உங்க ஊர்ப் பாறையில் அந்தக் காலத்துச் சாமியார்கள் படுத்த கல் படுக்கை இருக்கிறதே, எல்லாவற்றையும் வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தவர்கள் அதில் படுத்தார்கள். நான் எதையும் வேண்டாம் என்று சொல்லாமலேயே அந்த நிலைக்கு வந்துவிட்டேன். பகலில் சாமானைப் பிரிக்க உட்கார்ந்தால் ஒவ்வொரு நட்டிலும் அவள் வைத்த குங்குமம் இருக்கிறது. துடைத்தால்தான் நம்பர் தெரியும். துடைக்க மனசு வரவில்லை, துடைக்காமலேயே எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு பார்க்கிறேன்.

இதைச் சத்தமாகப் படிக்கலாம், இதில் என் சாமர்த்தியம் இருக்கிறது. திண்டிவனம் ரோட்டில் பைக் மெக்கானிக் ஜேம்ஸைக் கூட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்து சிவப்புச் சிலிண்டரில் ஒரு பிஸ்டனை விட்டோம். போனது, வரவில்லை. ஆரஞ்சில் இன்னொன்றை விட்டோம், அது உள்ளே போய் டம்ளருக்குள் ஸ்பூன் ஆடுகிற மாதிரி ஆடியது. நான் இது எதனுடையது, அது எதனுடையது என்று ஒவ்வொன்றாகக் கையில் வைத்துக்கொண்டு நேரம் போவது தெரியாமல் யோசித்தேன். ஜேம்ஸுக்குப் பசி. "சார், எல்லாம் வேற வேற வீட்லேர்ந்து வந்ததுதான். சேருதா, ஓடுதா, அத்த மட்டும் பாருங்க, நான் சாப்புட போவணும்" என்று சொல்லிவிட்டு, கைக்குக் கிடைத்ததை எல்லாம் கிடைத்ததோடு பூட்டினான். மஞ்சள் பாடி, பச்சை டேங்க், ஆரஞ்சு எஞ்சின், சிவப்புக் கைப்பிடி, பெயிண்டே இல்லாத சைலன்சர். பார்க்கச் சகிக்கவில்லை. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி, கயிற்றை இழுத்தான்.

மச்சான், அது ஓடியது. என் ஐந்து மெஷினில் எதுவும் ஒரிஜினலாக இருந்த காலத்தில் இப்படி ஓடியதில்லை. ஓடினது மட்டுமில்லை, நிற்கவும் மாட்டேன் என்றது, ஏனென்றால் நிறுத்துகிற சுவிட்ச் வேறு மெஷினுடையது, பெயருக்குத்தான் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. செயின் இல்லாததால் ஆபத்து ஒன்றுமில்லை, சிமெண்டுத் தரையில் குதித்துக் குதித்து மாடியைச் சுற்றி வந்தது. எதிர்வீட்டு லட்சுமியம்மாள் துணி காயப் போட வந்தவள் ஈரத் துணியோடு அப்படியே இறங்கிப் போய்விட்டாள். ஜேம்ஸ் துணியை வைத்துக் காற்று போகிற வழியை அடைக்கப் போனான், நான்தான் கையைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் போய்க் கிருஷ்ணகிரியில் மோதி, தங்கி, வேறு குரலில் திரும்பி வந்தது. மலைமேல் யாரோ பதில் சொல்கிற மாதிரி இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்தவன், பெட்ரோல் தீர்ந்ததோ ஜேம்ஸ் போனதோ தெரியாமல் தூங்கிப் போனேன்.

சத்தமாகவா மனசுக்குள்ளா என்று இதற்கு என்னால் முடிவு செய்ய முடியவில்லை, உன் இஷ்டம். தூக்கத்தில் ஒரு கனவு. நம் செஞ்சி மலை இருக்கிறதே, குண்டு குண்டாகப் பாறையை யாரோ கொட்டி வைத்த மாதிரி, அது நிஜமாகவே யாரோ கொட்டி வைத்ததாம். ஏழெட்டு மலையைக் கழற்றி, ஒரே அண்டாவில் போட்டு, புளி போட்டுத் தேய்த்து, காயட்டும் என்று குவித்து வைத்திருக்கிறார்களாம். எந்தப் பாறை எந்த மலையுடையது என்று இனி யாருக்கும் தெரியாதாம். ராஜகிரி உச்சியில் மீனம்பாள் உட்கார்ந்திருக்கிறாள். முந்தானையால் ஒவ்வொரு பாறையாகத் துடைத்து, சந்தனம் வைத்து, குங்குமம் வைக்கிறாள். அவசரமே இல்லை. மேகம் அவள் முழங்கால் உயரத்தில் போகிறது. நான் கீழே கோட்டை வாசலில் நின்றுகொண்டு, மீனா, மீனா என்று கூப்பிடுகிறேன். அவள் குனிந்து பார்த்து, "சத்தம் போடாத, காயட்டும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் அங்கேயே காத்துக்கொண்டு நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, நன்றாக இருந்தது. மழைத் தூறல் முகத்தில் விழுந்து விழித்துக்கொண்டேன். மாடியில் யாரும் இல்லை.

இது கட்டாயம் மனசுக்குள். போன வாரம் வால்பாறையிலிருந்து சுந்தரமூர்த்தி என்று ஒருவர் வந்தார். எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னை மாதிரியே பழைய மெஷின் சேர்ப்பவர், போனில்தான் பழக்கம். என் சிவப்பு மெஷின் நம்பருக்கு நம்பர் ஒரிஜினல் என்று நான் பெருமை அடித்திருந்ததை நம்பி, பஸ் மாறி மாறி வந்துவிட்டார். குவியலைப் பார்த்தார். கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கடைசியில், "சார், இதுல எது எதோட பொறந்ததுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது" என்றார். ஜோலி முடிந்தது. வந்தவருக்கு ஒரு டீயாவது கொடுப்போம் என்று கீழே போய்ப் போட்டுக் கொண்டுவந்தேன். அவர் குடித்து முடித்தபிறகுதான் என் டம்ளரை நான் வாயில் வைத்தேன். சர்க்கரை என்று நினைத்து உப்பைப் போட்டிருந்தேன். பதறிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், எங்க வீட்லயும் டீ இப்படித்தான் இருக்கும்" என்றார். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

அப்புறம் அவராகவே சொன்னார். கூடம் முழுக்க மெஷின்தானாம், எல்லாம் நம்பருக்கு நம்பர். மனைவி கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறாராம். எப்போது போனார் என்று கேட்டேன், விரலை மடக்கி எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டார். "ரொம்ப அமைதியான வீடு சார். வெச்ச பொருள் வெச்ச இடத்துல இருக்கும், யாரும் எடுக்க மாட்டாங்க" என்று சந்தோஷமாகத்தான் சொன்னார். அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். காலையில் வைத்த துண்டு, வைத்த நாற்காலியிலேயே இருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது மச்சான். கம்பத்து உச்சியில் பிடி விட்டபோதுகூட அவ்வளவு பயப்படவில்லை.

ஆகவே, இன்னும் மனசுக்குள்தான் படிக்கிறாய் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன், ஸ்பிரிங் எதுவும் தொலையவில்லை. தட்டைத் தட்டிப் பார்த்து நேரத்தை வீணாக்காதே. எனக்கு வேண்டியது உன் அக்கா. அவள் இல்லாமல் வீடு ஓடவில்லை, நானும் ஓடவில்லை. இதை அவளிடம் நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து சொன்னதில்லை, திடீரென்று சொன்னால் எனக்கு உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று பயந்துவிடுவாள். நீயாகச் சொல்கிற மாதிரி பக்குவமாகச் சொல்.

சத்தமாக, கொஞ்சம் விறைப்பாகவே படிக்கவும். என் நிலைப்பாடு இதுதான். நான் அந்த வீட்டு மாப்பிள்ளை. மாப்பிள்ளையானவன் அழைக்காமல் மாமனார் வீட்டு வாசலை மிதிப்பது வழக்கத்தில் இல்லை. வந்து நாலு பேர் முன்னால் நிற்க எனக்கு என்ன தலையெழுத்தா. வெண்மதி போனில், "நைனா, நீயே போய் அம்மாவ கூட்டிக்கினு வா, டென்ஷன் பண்ணாத" என்றாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். முறைப்படி நீ வெற்றிலை பாக்கோடு வந்து அழைத்தால், மழை இல்லாத ஒரு நாளாகப் பார்த்து வருவதைப் பற்றி யோசிக்கலாம். அதுவரைக்கும் உன் அக்கா அங்கேயே இருந்தாலும் எனக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன் என்று தெரிவித்துக்கொள்கிறேன். தட்டுகளையும் அங்கேயே வைத்துக்கொள்ளட்டும். இனிமேல் அந்த மெஷினுக்கு எந்தச் சாமானையும் பிரித்து வைக்க வேண்டிய அவசியம் இல்லை, அது பாட்டுக்கு ஓடுகிறது.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி, உன் நெல்லுக்கு மழை அளவோடு பெய்யட்டும், உன் மாடு நிறையக் கறக்கட்டும், உன் போனுக்கு டவர் கிடைக்கட்டும். அடுப்படியில் நிற்கிறவளுக்கும் முறைப்படி விசாரிப்பு.

இப்படிக்கு,
யாரையும் எதிர்பார்த்து இல்லாத,
உன் மாமா வீரமணி.

பி.கு: இதை மட்டும் சத்தியமாக மனசுக்குள் படி. கடிதத்தை ஒட்டி எடுத்துக்கொண்டு தபால் பெட்டிக்குத்தான் கிளம்பினேன். பெட்டிக்குப் பக்கத்தில் தொண்டூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. தபாலில் போட்டால் நாளாகும் என்று பட்டது. கவரைப் பிரித்து இதை பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து ஆடுவதற்கு அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. உன் வீட்டு கேட்டில் இந்தக் கவரைச் செருகிவிட்டு, எதிரில் புங்கமரத்தடியில் நின்றுகொண்டிருப்பேன். அழைக்காமல் வரமாட்டேன் என்று எழுதின பகுதியை நீ இந்நேரம் சத்தமாகப் படித்திருப்பாய், நானும் அங்கிருந்தே கேட்டிருப்பேன். நீ வந்து என்னைக் கூப்பிட வேண்டாம். அக்காவிடம், வெளியே யாரோ நிற்கிறார்கள் என்று மட்டும் சொல். காலையிலிருந்து சாப்பிடாத மாதிரி தெரிகிறது என்றும் சொல்.